பட்டினியில் வாடிய குழந்தைக்குச் சோறு போடும் முன்: களத்துக்குப் புதிதாக வருபவர்களுக்கு

வறட்சி, வெள்ளம், வேலையில்லாத மாதங்கள், அடுத்த குழந்தை சீக்கிரமே பிறந்துவிட்டதால் மூத்ததற்குத் தாய்ப்பால் நின்றுபோனது என்று காரணம் எதுவாகவும் இருக்கலாம். எலும்பும் தோலுமாக ஒரு குழந்தையைப் பார்த்ததும் நமக்கு வருகிற முதல் எண்ணம் ஒன்றுதான்: வயிறு நிறையச் சாப்பிடக் கொடுத்துவிட வேண்டும். மனசு அப்படித்தான் அடித்துக்கொள்ளும். ஆனால் அதை அப்படியே செய்தால் அந்தக் குழந்தை ஓரிரு நாளில் இறந்துபோகக்கூடும். இதைத் தெரிந்துகொண்டுதான் இந்த வேலைக்குள் காலெடுத்து வைக்க வேண்டும்.

இந்தக் கட்டுரை நிவாரண முகாமில் உதவப் போகிறவர்களுக்கும், அங்கன்வாடியில் புதிதாகச் சேர்ந்தவர்களுக்கும், கிராமக் கணக்கெடுப்புக்குப் போகும் தன்னார்வலர்களுக்கும். வைத்தியம் பார்ப்பது டாக்டர், செவிலியர் வேலை. கண்டுபிடிப்பது, அளப்பது, சரியான இடத்துக்கு அனுப்புவது, அனுப்பிய பிறகு கைவிடாமல் இருப்பது ஆகிய நான்கும் நம் வேலை.

உடம்புக்குள் என்ன ஆகிறது

சாப்பாடு வராத உடம்பு முதலில் சேமித்து வைத்த சர்க்கரையைச் செலவழிக்கிறது, அது ஒரு நாளுக்குக்கூடத் தாங்காது. அப்புறம் கொழுப்பு, அதன் பிறகு தசை. தசை என்றால் கை கால் மட்டும் இல்லை, இதயமும் தசைதான், குடலின் உள்சுவரும் மெலிந்துபோகிறது. செலவைக் குறைக்க உடம்பு எல்லா வேலையையும் மெதுவாக்கிவிடும்: சூடு குறையும், இதயம் மெதுவாகத் துடிக்கும், காய்ச்சல் வரவேண்டிய தொற்றுக்குக்கூடக் காய்ச்சல் வராது. இந்த நிலையில் திடீரென்று நிறையச் சோறோ பாலோ உள்ளே போனால் இன்சுலின் ஏறுகிறது, அது ரத்தத்தில் மிச்சமிருக்கும் பாஸ்பேட், பொட்டாசியம், மெக்னீசியம் எல்லாவற்றையும் செல்களுக்குள் இழுத்துக்கொள்கிறது, ரத்தத்தில் அவற்றின் அளவு சரிந்து இதயம் தடுமாறுகிறது. மருத்துவத்தில் இதற்கு ரீஃபீடிங் சிண்ட்ரோம் என்று பெயர்.

உலகம் இதைப் பெரிய விலை கொடுத்துத்தான் கற்றுக்கொண்டது. 1945 ஏப்ரலில் ஜெர்மனியின் பெர்கன்-பெல்சன் நாஜி வதைமுகாம் விடுவிக்கப்பட்டபோது, உள்ளே நுழைந்த சிப்பாய்கள் இரக்கப்பட்டுத் தங்களிடம் இருந்த கொழுப்பு மிகுந்த டின் உணவுகளைக் கொடுத்தார்கள். அதைச் சாப்பிட்டுச் சிலர் இறந்தார்கள். டைஃபஸ் காய்ச்சலும் சேர்ந்துகொள்ள, விடுதலைக்குப் பிறகு அந்த முகாமில் இறந்தவர்கள் பத்தாயிரத்துக்கும் மேல். 1943 வங்காளப் பஞ்சத்துக்காக அரிசியும் சர்க்கரையும் கொண்டு தயாரித்த ஒரு கலவையும் அங்கே கொடுக்கப்பட்டது, ஆனால் இனிப்பு திகட்டிப்போய் பலரால் குடிக்க முடியவில்லை. அதே சமயத்தில் அமெரிக்காவின் மினசோட்டாவில் ஆன்செல் கீஸ் என்ற விஞ்ஞானி, தாமாக முன்வந்த 36 இளைஞர்களை 24 வாரம் அரைப்பட்டினி போட்டு, அவர்களை எப்படி மீட்டெடுப்பது என்று ஆராய்ந்துகொண்டிருந்தார். எடையில் கிட்டத்தட்டக் கால் பங்கு குறைந்த அந்த ஆட்கள் எப்போதும் குளிருகிறது என்றார்கள், எரிந்து விழுந்தார்கள், கணுக்கால் வீங்கியது, நாள் முழுக்கச் சாப்பாட்டைப் பற்றியே பேசினார்கள், சிலர் சமையல் புத்தகங்களைச் சேர்க்க ஆரம்பித்துவிட்டார்கள். நன்றாக வளர்ந்த ஆரோக்கியமான ஆண்களுக்கே இந்த கதி என்றால், ஒன்றரை வயதுக் குழந்தையின் உடம்பு என்ன பாடு படும் என்று யோசியுங்கள்.

முதலில் அமைதியான குழந்தையைத் தேடுங்கள்

ஒரு வீட்டு வாசலில் நான்கு குழந்தைகள் நிற்கிறார்கள். அழுகிற குழந்தையிடம்தான் நாம் முதலில் போவோம். ஆனால் ஆபத்தில் இருப்பது பெரும்பாலும் அந்த மூலையில், யாரோ மடியில், ஈ உட்கார்ந்தாலும் தட்டிவிடாமல் கிடக்கிறதே, அதுதான். பட்டினி முற்றிப்போன குழந்தைக்குப் பசியே இருக்காது. "சாப்பாடே கேக்கறதில்ல டீச்சர், ரொம்பச் சமத்து" என்று பாட்டி பெருமையாகச் சொன்னால் உடனே எழுந்து போய்ப் பாருங்கள்.

முகம் கிழவர் மாதிரி ஒட்டிப்போயிருக்கிறதா, விலா எலும்பை எண்ண முடிகிறதா, பின்னால் திருப்பிப் பார்த்தால் புட்டத்தில் தோல் மடிப்பு மடிப்பாகத் தொங்குகிறதா என்று பாருங்கள். இதற்குச் சட்டையைக் கழற்றித்தான் ஆகவேண்டும். துணியோடு பார்த்துவிட்டு வருவது பார்க்காததற்குச் சமம், ஏனென்றால் குழந்தையை வெளியாள் முன்னால் கொண்டுவரும்போது அம்மாக்கள் இருப்பதிலேயே நல்ல சட்டையாக, முழுக்கை சட்டையாகப் போட்டுத்தான் கொண்டுவருவார்கள்.

நான்கு அறிகுறிகளை மனப்பாடம் செய்துகொள்ளுங்கள். குடிக்கவோ தாய்ப்பால் சப்பவோ முடியவில்லை. உள்ளே போவதெல்லாம் வாந்தியாக வருகிறது. வலிப்பு வந்திருக்கிறது. கூப்பிட்டால் கண் திறப்பதில்லை, துவண்டு கிடக்கிறது. இதில் ஒன்று இருந்தாலும் கையை அளக்கும் டேப்பை வெளியே எடுக்க வேண்டாம், வண்டிக்கு ஏற்பாடு செய்யுங்கள்.

டேப் பிடிப்பது

கைச்சுற்றளவு டேப்பைக் களத்தில் எல்லோரும் மூவாக் டேப் என்பார்கள். பச்சை, மஞ்சள், சிவப்பு என்று மூன்று நிறம் இருக்கும், 6 மாதத்திலிருந்து 5 வயதுக்குள் உள்ள குழந்தைகளுக்கு. பார்க்க எளிது, ஆனால் புதிதாக வருபவர்கள் அதிகம் சொதப்புவதும் இதில்தான்.

இடது கை. முழங்கையை மடக்கி, தோள்பட்டை எலும்பின் நுனியிலிருந்து முழங்கை நுனி வரை அளந்து, நடுவில் பேனாவால் ஒரு புள்ளி வையுங்கள். கண்ணால் மதிப்பிட வேண்டாம், நடுப்புள்ளி ஒரு விரற்கடை தள்ளிப்போனால்கூட அளவு மாறும். புள்ளி வைத்த பிறகு கையை நீட்டித் தளர்வாகத் தொங்கவிட வேண்டும், மடக்கிய கையில் அளக்கக் கூடாது. டேப்பைச் சுற்றி, தோலோடு ஒட்டும் வரை இழுங்கள். தோல் சுருங்கினால் இறுக்கம் அதிகம், டேப்புக்கும் தோலுக்கும் இடையே வெளிச்சம் தெரிந்தால் தளர்வு. குழந்தை அழுது கையை விறைத்தால் காத்திருங்கள். அம்மா மடியிலேயே வைத்து அளப்பதுதான் எப்போதும் நல்லது.

125 மில்லிமீட்டரும் அதற்கு மேலும் பச்சை. 115-லிருந்து 125-க்குள் மஞ்சள், அதாவது மிதமான மெலிவு. 115-க்குக் கீழே சிவப்பு, தீவிர ஊட்டக்குறைவு. நிறத்தை மட்டும் எழுதாமல் எண்ணையும் எழுதுங்கள். போன வாரம் 111, இந்த வாரம் 113 என்றால் குழந்தை தேறுகிறது என்று அர்த்தம், ஆனால் இரண்டுமே சிவப்பு என்பதால் நிறம் மட்டும் எழுதியிருந்தால் அது தெரியவே தெரியாது.

6 மாதத்துக்குக் குறைந்த குழந்தைகளுக்கு இந்த நிறக்கணக்கு கிடையாது. எடை ஏறவில்லை, பால் சப்பச் சக்தியில்லை என்றால் நேராக டாக்டரிடம்.

கட்டைவிரலால் அழுத்திப் பார்ப்பது

டேப் பச்சை காட்டினாலும் இதைச் செய்யாமல் எழுந்து வராதீர்கள். இரண்டு பாதங்களின் மேற்புறத்திலும் இரண்டு கட்டைவிரலையும் வைத்து, மூன்று நொடி மெதுவாக அழுத்தி எடுங்கள். இரண்டு பாதத்திலும் குழி விழுந்து அப்படியே நின்றால் அது பட்டினி வீக்கமாக இருக்கலாம். மூவாக் எவ்வளவு காட்டினாலும் அந்தக் குழந்தை தீவிர ஊட்டக்குறைவுக் கணக்கில்தான் வரும். ஒரு கால் மட்டும் வீங்கியிருந்தால் அடிபட்டதோ புண்ணோ, வேறு காரணம். வீக்கம் கால், கை எல்லாம் தாண்டி முகம் வரை போயிருந்தால் மிக மோசமான கட்டம்.

இந்த வகையைத்தான் குவாஷியோர்கர் என்கிறார்கள். 1930-களில் ஆப்பிரிக்காவின் கோல்டு கோஸ்ட்டில், இன்றைய கானாவில், வேலை பார்த்த சிசிலி வில்லியம்ஸ் என்ற டாக்டர் இதை மருத்துவ உலகுக்கு விவரித்தார். இதில் உள்ள பெரிய சிக்கல், குழந்தை குண்டாகத் தெரியும். கன்னம் உப்பியிருக்கும், அக்கம்பக்கத்தில் "நல்லா கொழுகொழுன்னு இருக்கான்" என்பார்கள். முடி செம்பட்டையாகி, லேசாக இழுத்தாலே கையோடு வரும், தோல் சில இடங்களில் கருத்து உரியும். கூடவே குழந்தை யாரிடமும் ஒட்டாமல் சிணுங்கிக்கொண்டே இருக்கும்.

பசி இருக்கிறதா என்று சோதிப்பது

தீவிர ஊட்டக்குறைவு உள்ள எல்லாக் குழந்தைகளையும் ஆஸ்பத்திரியில் சேர்க்கத் தேவையில்லை. இது 2007-ல் உலக சுகாதார நிறுவனமும் யுனிசெஃபும் மற்ற ஐ.நா. அமைப்புகளும் சேர்ந்து வெளியிட்ட அறிக்கைக்குப் பிறகு பரவலாக ஏற்றுக்கொள்ளப்பட்ட நடைமுறை. அபாய அறிகுறி இல்லை, நன்றாகச் சாப்பிடுகிறது என்றால் வீட்டில் வைத்தே தேற்றலாம். நன்றாகச் சாப்பிடுகிறதா என்பதை அம்மா சொல்வதை வைத்து முடிவு செய்யாமல் கண்ணெதிரே பார்க்க வேண்டும்.

இதற்குப் பயன்படுவது வேர்க்கடலைப் பசை பாக்கெட். வேர்க்கடலை, பால் பவுடர், சர்க்கரை, எண்ணெய், வைட்டமின், தாதுக்கள் எல்லாம் சேர்ந்த 92 கிராம் பாக்கெட், ஒன்றில் 500 கலோரி. தண்ணீரே சேராததால் கிருமி எளிதில் வளராது, அடுப்பும் வேண்டாம், ஃப்ரிட்ஜும் வேண்டாம். 1990-களில் பிரான்சில் ஆந்த்ரே ப்ரியான் என்ற டாக்டரின் யோசனையில் உருவானது இது, பிளம்பிநட் என்ற பெயரில் உலகம் முழுக்கப் போனது. பாகிஸ்தானில் கொண்டைக்கடலையைக் கொண்டு இதே போன்ற பசையைத் தயாரித்து மிதமான மெலிவுக்குக் கொடுக்கிறார்கள்.

அமைதியான இடத்தில் அம்மா கை கழுவி, குழந்தையை மடியில் வைத்து, கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுக்க வேண்டும். கூடவே ஒரு டம்ளர் குடிக்கிற தண்ணீர். அவசரப்படுத்தக் கூடாது, வாயில் திணிக்கவே கூடாது. 5 கிலோ குழந்தை பாக்கெட்டில் கால் பங்காவது தானாக விரும்பிச் சாப்பிட்டால் சரி, வீட்டிலேயே தேற்றலாம். முகத்தைத் திருப்பிக்கொண்டால் கொஞ்ச நேரம் விட்டு, இன்னொரு முறை முயன்று பாருங்கள். அப்போதும் வேண்டாம் என்றால் உள்ளே ஏதோ தொற்று இருக்கிறது, சேர்க்க வேண்டிய குழந்தை என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

அனுப்பும் வழியில்

ஆஸ்பத்திரி போய்ச் சேருவதற்குள் குழந்தையைக் கொல்லக்கூடியவை இரண்டு: ரத்தத்தில் சர்க்கரை இறங்குவது, உடம்பு சில்லிட்டுப்போவது. குழந்தை விழித்திருந்து விழுங்க முடிகிறது என்றால் சர்க்கரைத் தண்ணீர் கொடுங்கள். குமித்த ஒரு டீஸ்பூன் சர்க்கரையை மூன்றரை டேபிள்ஸ்பூன் சுத்தமான தண்ணீரில் கரைத்தால் சுமார் 50 மில்லி வரும். அதைச் சிறு ஸ்பூனால் மெதுவாகக் கொடுக்க வேண்டும், தாய்ப்பால் குடிக்கும் குழந்தை என்றால் தாய்ப்பாலையும் நிறுத்த வேண்டாம். நினைவில்லாத குழந்தைக்கு வாய் வழியாக எதுவும் ஊற்றக் கூடாது.

சூட்டுக்கு, குழந்தையை அம்மாவின் மார்போடு தோலுக்குத் தோல் படும்படி அணைத்துவைத்து, இருவரையும் சேர்த்துப் போர்த்திவிடுங்கள். தலைக்குக் குல்லா கட்டாயம். மே மாத வெயிலிலும் இதைச் செய்யச் சொல்கிறேன், ஈரத்துணியோடு ஆட்டோவில் காற்று வாங்கிக்கொண்டு போனால் மெலிந்த குழந்தைக்கு அதுவே ஆபத்து.

இன்னொன்று, வழியில் ஏதாவது கிளினிக்கில் இறங்கி "ஒரு பாட்டில் குளுக்கோஸ் ஏத்திட்டுப் போயிடலாம்" என்று சொல்லும் உறவினர் கண்டிப்பாக இருப்பார். நல்ல எண்ணத்தில்தான் சொல்கிறார், விடாமல் தடுத்துவிடுங்கள். இந்தக் குழந்தைகளின் இதயத்துக்கு டிரிப்ஸில் வரும் தண்ணீரையும் உப்பையும் தாங்கும் தெம்பு கிடையாது. ரத்த ஓட்டம் சரிந்து அதிர்ச்சி நிலைக்கு (ஷாக்) போன குழந்தைக்கு மட்டும், பார்த்துப் பார்த்து டாக்டர் போடுவார்கள். வயிற்றுப்போக்கு இருந்தாலும் இதே விதிதான், வாய் வழியாகத்தான் ஈடுகட்ட வேண்டும்.

ஆஸ்பத்திரியில் முதல் வாரம், அம்மாவுக்கு எப்படிச் சொல்வது

நம் வேலை இங்கே முடிந்தது என்று நினைத்துத் திரும்பிவிட்டால், மூன்றாம் நாள் அம்மா சொல்லாமல் கொள்ளாமல் குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஊருக்குப் போயிருப்பார். ஏன் போகிறார் என்று புரிந்துகொள்ள, அவர் கண்ணால் அந்த வார்டைப் பாருங்கள். பட்டினியில் கிடந்த குழந்தை என்று சொல்லித்தான் அழைத்து வந்தீர்கள். ஆனால் செவிலியர் இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை நீர்த்த பால் மாதிரி ஏதோ ஒன்றைக் கொஞ்சூண்டு கொண்டுவந்து கொடுக்கிறார். கணக்குப் போட்டுப் பார்ப்போம்: அந்தப் பாலின் பெயர் எஃப்-75, 100 மில்லிக்கு 75 கலோரி. வீக்கம் இல்லாத குழந்தைக்கு ஒரு கிலோ எடைக்கு நாளைக்கு 130 மில்லி. 5 கிலோ குழந்தைக்கு நாள் முழுக்க 650 மில்லி, பன்னிரண்டு வேளையாகப் பிரித்தால் வேளைக்கு 55 மில்லிதான். சின்ன காபி டம்ளரில் பாதிகூட வராது. பக்கத்துப் படுக்கையில் யாரோ இட்லி சாப்பிடுகிறார்கள், தன் பிள்ளைக்கு மட்டும் நள்ளிரவில் எழுப்பி இந்தத் துளியைக் கொடுக்கிறார்கள் என்றால் எந்த அம்மாவுக்குத்தான் கோபம் வராது?

அதிலும் வீக்கம் உள்ள குழந்தைக்கு முதல் சில நாளில் நீர் வடியும்போது எடை இறங்கும். "வந்தப்ப இருந்ததைவிட இளைச்சிட்டான்" என்று அம்மா அழுவார். வீக்கம் வடிவதுதான் தேறுவதற்கு அடையாளம் என்று முன்கூட்டியே சொல்லியிருந்தால் அந்த அழுகை வராது.

ஆகவே சேர்ப்பதற்கு முன்பே இப்படிச் சொல்லுங்கள்: "அக்கா, பாப்பா வயிறும் நெஞ்சும் இப்போ ரொம்ப பலவீனமா இருக்கு. முதல்ல ஒரு வாரம் மருந்து மாதிரி கொஞ்சம் கொஞ்சமாத்தான் கொடுப்பாங்க, ராத்திரியும் எழுப்பிக் கொடுப்பாங்க. பசிக்குதுன்னு பாப்பா கேக்க ஆரம்பிச்சதும் சாப்பாடு கூடும்." இரும்புச்சத்து டானிக் வாங்கட்டுமா என்று கேட்பார்கள். முதல் வாரத்தில் கூடாது, உள்ளே தொற்று இருக்கும்போது இரும்பு நிலைமையை மோசமாக்கும், பிறகு டாக்டரே கொடுப்பார்.

வீட்டில் மற்ற குழந்தைகளை யார் பார்ப்பது, கூலி போகிறதே, மாட்டுக்கு யார் தீனி வைப்பது, இதையெல்லாம் கேட்டு, முடிந்ததற்கு வழி செய்துவிட்டு அனுப்புங்கள். இந்தியாவில் பல மாநிலங்களின் ஊட்டச்சத்து மறுவாழ்வு மையங்களில் கூடத் தங்கும் அம்மாவுக்குச் சாப்பாடும், கூலி இழப்புக்கு ஒரு தொகையும் உண்டு. அது கிடைக்கிறதா என்று விசாரித்துச் சொல்வதும் உங்கள் வேலைதான்.

பசி திரும்பிய பிறகு தாராளமாக

வீக்கம் வடிய ஆரம்பித்து, முகம் தெளிந்து, கிண்ணத்தைப் பார்த்ததும் குழந்தை கை நீட்டுகிறது என்றால் கட்டம் மாறிவிட்டது. அதுவரை கிலோவுக்கு 100 கலோரிக்குள் இருந்தது, இப்போது 150-லிருந்து 220 வரை போகும். 5 கிலோ குழந்தைக்குக் கடலைப் பசை பாக்கெட் என்றால் நாளைக்குச் சுமார் 2, துல்லியமான எண்ணிக்கை எடை அட்டவணைப்படி. நன்றாகத் தேறும் குழந்தை கிலோவுக்குத் தினம் 10 கிராமாவது எடை ஏறும். உயிரைப் பிடித்து வைக்க ஆகும் உணவு வேறு, இழந்ததைத் திரும்பக் கட்ட ஆகும் உணவு வேறு. 1877-ல் சென்னை மாகாணப் பஞ்சத்தின்போது நிவாரண வேலை செய்த ஓர் ஆணுக்கு நாளைக்கு ஒரு பவுண்டு தானியமும் கொஞ்சம் காசும் போதும் என்று ஆங்கிலேய அரசின் பஞ்சப் பிரதிநிதி ரிச்சர்ட் டெம்பிள் கூலியைக் குறைத்தார், மாகாணத்தின் சுகாதார அதிகாரி கார்னிஷ் அந்த அளவில் உடம்பு நிற்காது என்று விடாமல் வாதாடினார், சில மாதத்தில் கூலியை உயர்த்த வேண்டியதாயிற்று. எது குறைந்தபட்சம் என்று மேலிருந்து சொல்லும் எந்தக் கணக்கையும் நான் சந்தேகத்தோடுதான் பார்ப்பேன்.

வீட்டில் பாக்கெட் கொடுக்கும்போது சொல்ல வேண்டியவை கொஞ்சம்தான். முதலில் தாய்ப்பால், அப்புறம் பாக்கெட், பிறகு பசித்தால் வீட்டுச் சாப்பாடு. கஞ்சியில் கலக்க வேண்டாம், அப்படியே நக்கிச் சாப்பிடட்டும். அண்ணன் அக்காவுக்குப் பங்கு போடக் கூடாது. இந்தக் கடைசி விதியைச் சொல்வது சுலபம், பசித்த மூன்று பிள்ளைகள் சுற்றி நிற்கும்போது கடைப்பிடிப்பது கஷ்டம். அதனால் மற்ற பிள்ளைகளுக்கு அங்கன்வாடிச் சத்துமாவோ நிவாரண அரிசியோ கிடைக்க வழி செய்துவிட்டுத்தான் இதைக் கண்டிப்பாகச் சொல்ல முடியும்.

வாரா வாரம் பார்ப்பது

எடை, மூவாக், பாதம், பசி, இந்த நான்கையும் ஒவ்வொரு வாரமும். ஒரு வாரம் வரவில்லை என்றால் அடுத்த வாரம் வரை காத்திருக்காமல் வீட்டுக்குப் போய்ப் பாருங்கள்.

பாகிஸ்தானின் சிந்து மாகாணத்தில் தார்பார்க்கர் என்ற பாலைவன மாவட்டம் இருக்கிறது, 2014-ல் அங்கே வறட்சியில் குழந்தைகள் இறந்தது உலகச் செய்தியானது. மழையை மட்டும் நம்பிய ஊர்கள். மழை பொய்த்தால் முதலில் ஆடு மாடுகள் போகும், அறுவடைக் காலத்தில் குடும்பங்கள் மொத்தமாகக் கால்வாய்ப் பாசனப் பகுதிகளுக்குக் கூலி வேலைக்குக் கிளம்பிவிடும். குழந்தை பாதித் தேறிய நிலையில் பதிவேட்டிலிருந்து காணாமல் போய்விடும். அந்த நாட்டின் 2018 தேசிய ஊட்டச்சத்துக் கணக்கெடுப்பில் 5 வயதுக்குள் உள்ளவர்களில் 17.7 சதவீதம் பேர் மெலிந்திருந்தார்கள். நம் பக்கம் ஒன்றும் குறைவில்லை, 2019–21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பில் இந்தியா முழுக்க 19.3, தமிழ்நாட்டில் 14.6. செங்கல் சூளைக்கும் கரும்பு வெட்டுக்கும் குடும்பத்தோடு போகிறவர்கள் நம் ஊரிலும் இருக்கிறார்கள். எப்போது கிளம்புவீர்கள், எங்கே போவீர்கள் என்று முதல் நாளே கேட்டுவையுங்கள். கிளம்பும் முன் குழந்தையின் அட்டையை அம்மா கையில் கொடுத்து, போகிற இடத்தின் சுகாதார நிலையத்துக்கும் சொல்லிவிட்டால் பாதிக் கவலை தீரும்.

பெரியவர்களுக்கும் மெதுவாகக் கொடுக்கும் விதி பொருந்தும். பத்து நாளுக்கு மேல் கிட்டத்தட்ட ஒன்றும் சாப்பிடாதவர், அல்லது உயரத்துக்குத் தகுந்த எடைக் கணக்கு (பி.எம்.ஐ.) 16-க்கும் கீழே போனவர் என்றால், சாப்பாடு ஆரம்பிப்பதே ஆஸ்பத்திரியில் நடக்கட்டும், தையமின் (வைட்டமின் பி1) மருந்தும் ரத்தப் பரிசோதனையும் கூடவே தேவைப்படும்.

எப்போது நிறுத்தலாம்

மூவாக் 125-ஐத் தொட்டதும் பாக்கெட்டை நிறுத்தக் கூடாது. 125-ம் அதற்கு மேலும், வீக்கமும் இல்லை, இந்த நிலை குறைந்தது இரண்டு வாரம் நிலைத்திருக்க வேண்டும்.

அதற்குள் அம்மாவுக்கு டேப் பிடிக்கக் கற்றுக்கொடுத்துவிடுங்கள். நைஜர் போன்ற நாடுகளில் அம்மாக்களே அளந்து பார்த்ததில், பயிற்சி பெற்ற சுகாதாரப் பணியாளர்களுக்கு இணையாகச் சரியாக அளந்தார்கள். நீங்கள் ஒரு தடவை செய்து காட்டி, அடுத்த தடவை அவரைச் செய்யச் சொல்லி, பக்கத்தில் உட்கார்ந்து திருத்துங்கள். பாதத்தை அழுத்திப் பார்ப்பதையும் சேர்த்துச் சொல்லிக்கொடுங்கள். ஒரு டேப்பை வீட்டிலேயே விட்டுவிட்டு வாருங்கள், மாதம் ஒரு தடவை அளக்கட்டும், காய்ச்சலோ வயிற்றுப்போக்கோ வந்து போனால் உடனே அளக்கட்டும். மஞ்சளுக்கு இறங்கினால் யாரையும் எதிர்பார்க்காமல் குழந்தையைத் தூக்கிக்கொண்டு மையத்துக்கு வந்துவிடச் சொல்லி, மையம் திறந்திருக்கும் நாளையும் நேரத்தையும் அட்டையின் பின்பக்கம் பெரிய எழுத்தில் எழுதிக்கொடுங்கள்.